மீனா, சிலிப்பரா?

மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓவியச் சாயம் கரைக்கும் டர்பன்டைன் வாசம் வந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. மற்ற அப்பாக்கள் சிகரெட் வாசத்துக்குத்தான் பதறுவார்கள்.

நான் அந்த வாசம் வீசிய இடத்திலேயே வளர்ந்தவன். எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் அம்மாவும் ஓவியத் தோழிகள் மூவரும் நடத்திய கேலரி அது, சுவருக்கு வெள்ளையடிப்பதும் அவர்களே, முறைவைத்துக் கேலரியைப் பார்த்துக்கொள்ள உட்காருவதும் அவர்களே, உட்காருபவர் தான் வரைந்த படம் எதுவென்று வந்தவர்களிடம் சொல்லக் கூடாது என்பது அவர்கள் போட்ட சட்டம் என்பதால், மரப்படி கிறீச்சிட ஏறிவந்த யாராவது அம்மாவின் படத்தைக் காட்டி "இது மீனா, சிலிப்பரா?" என்று சிரித்தால், மின்விசிறிக் காற்றில் பறக்கும் முந்தானையைப் பிடித்தபடி அம்மாவும் கூடச் சிரிப்பார். இன்று அங்கே தங்கும் விடுதி.

"அப்பா, நாங்க அஞ்சு பேரு சேர்ந்து ஒரு மாடி எடுத்திருக்கோம். சொந்த கேலரி லா," என்றாள் மகள்.

"பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி வேலை?"

"விட்டுட்டேன்."

உட்கார நாற்காலியைத் தேடினேன்; ஏற்கெனவே அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"வாடகைய ஏத்தி வெளிய அனுப்பிருவாங்க! எங்கம்மாவுக்கு அதான் நடந்துச்சு."

"தெரியும்ப்பா. அனுப்புற வரைக்கும் படம் மாட்டலாம்ல?"

கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"திறப்பு விழாவுக்கு யார கூப்பிடப் போற?" என்று கேட்டது வாய்.

இருவரில் யாருக்கு அதிகம் தூக்கிவாரிப்போட்டது என்று இன்னும் தெரியவில்லை.