தட்டோடு வரச் சொன்னவர்கள்

தாம்பரத்தில் எங்கள் அடுக்ககக் கிறிஸ்துமஸ் விருந்து. "பிளாஸ்டிக் வேணாம், வாடகைத் தட்டும் தண்டச்செலவு, அவங்கவங்க தட்டோட வாங்க" என்றார் செயலாளர். வரிசையில் எவர்சில்வர் தட்டுகள் உரசிய சத்தத்தில் எனக்குப் பழைய தட்டு ஒன்று ஞாபகம் வந்தது.

ஒன்பது வயதில், குரோம்பேட்டை பெரியம்மா வீட்டு கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு நாங்கள் மட்டும் தட்டோடு போகவேண்டும். அவருடைய பீங்கான் தட்டுகளை உடைத்துவிடுவோமாம். வெட்கத்தில் என் தட்டைச் சட்டைக்குள் ஒளித்து, தொந்தி போட்ட கண்டக்டர் மாதிரி நுழைந்தேன். பயத்தில் குனிந்து கும்பிட்டதும் அது நழுவிக் கூடம் முழுக்க உருண்டது.

"தட்டு வந்துடுச்சு, பின்னாடியே ஆளுங்களும் வந்துட்டாங்க" என்றார் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சாப்பிடாமலே வீடு திரும்பினார்.

இன்று எனக்கு முன்னால் தட்டோடு நிற்பவர் அதே பெரியம்மா. மூன்றாவது மாடியில் மகனோடு இருக்கிறார். "இதுதாண்டா நல்ல பழக்கம்" என்றார். நாற்பது வருடம் ஒத்திகை பார்த்த வசவெல்லாம் வாய்வரை வந்தது.

"ஆமா பெரியம்மா" என்று பல்லைக் காட்டினேன்.