மாடி வீட்டில் ஒரு சக்கரக் கல்

என் கணவர் எட்வின் ஒன்பது வருடம் வேனிலேயே வாழ்ந்தவர். திருச்சபையின் படக்காட்சி வேனை ஊர் ஊராக ஓட்டி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கினார். அதன் கை பிரேக் சரியாகப் பிடிக்காது. நிறுத்திய இடத்திலெல்லாம் சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுப்பார்.

1964இல் கல்யாணமாகி, தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் மாடிப் போர்ஷன் ஒன்றுக்குக் குடிவந்தோம். அந்தக் கல்லும் கூடவே வந்தது. மூன்றாம் நாள் மதியம் சுரங்கத்துக்குள் பாறை வெடித்து வீடு அதிர்ந்தது. இங்கேயே பிறந்த எனக்கு அது பழக்கம். தூங்கிக்கொண்டிருந்த அவர் கல்லைத் தூக்கிக்கொண்டு, "வண்டி உருளுது!" என்று வாசலுக்குப் பாய்ந்தார். வெளியே கைப்பிடி இல்லாத படிகள். முதல் படியில் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

கீழ்வீட்டு லூயிசா அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா மாப்ளே, என் வீட்டுக்கே பிரேக் போடறீங்களா?"

எட்வின் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கட்டில் காலுக்குக் கல்லை முட்டுக் கொடுத்த பிறகுதான் படுப்பார். எனக்கு அந்தக் கல்லில் நம்பிக்கை இல்லை. சேர்ந்து வாழ்ந்த ஏழு வருடமும் வாசல் பக்கம் நான்தான் படுத்தேன், அவர் சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு.

போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். இன்று மதியம் வீடு மறுபடி அதிர்ந்தது. கை தானாகப் பக்கத்தில் தேடியது. பிடிக்கச் சட்டை இல்லை. இந்த ஊரில் பிறந்தவள் நான், முதல்முறையாகப் பயந்துபோய், கட்டில் காலில் கல் இறுக்கமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.