கோணாத முகமூடி

மகனைப் பறிகொடுத்த மறுவாரமே அவள் வேலைக்குத் திரும்பி, புகார் கவுண்டரில் உட்கார்ந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "கல்நெஞ்சக்காரி" என்று சொன்ன கணவர் அதன்பின் அவளோடு பேசுவதில்லை. எப்படியாவது அழுதுவிட வேண்டும் என்றுதான், பிள்ளைகளை இழந்தவர்கள் கூடும் அந்த ஆஸ்பத்திரி அறைக்கு வந்தாள்.

அன்று முகமூடி செய்தார்கள். ஈர மாவுக்கட்டுத் துணியை முகத்தில் ஒட்டினால், காயும்வரை அசையக் கூடாது. மற்றவர்களுடையது விம்மலில் கோணிப்போனது. அவளுடையது மட்டும் சுருக்கமில்லாமல் வந்தது.

"எப்படிக்கா இப்படி அசையாம இருந்தீங்க?" என்றாள் கூட்டத்தை நடத்துகிறவள்.

"கவுண்டர்ல பழகினதும்மா. யார் திட்டினாலும் மூஞ்சி மாறாது."

பிறகு ஒருவரின் முகமூடியை மற்றவர் அணிந்து அவருக்கு எதிரே உட்கார வேண்டும். அவளுடையதை, அங்கே வந்திருந்த ஒரு லாரி டிரைவர் மாட்டிக்கொண்டார்.

"என் மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவல, தங்கச்சி."

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் தினமும் இந்த மூஞ்சியவா பாக்குறாரு?" என்றாள்.

டிரைவர் கழற்றப் போனார்.

"இருங்கண்ணே. அழுகை வருதான்னு பாக்கறேன்."

யாரும் அவசரப்படுத்தவில்லை. துளைகளுக்குள் டிரைவரின் கண்கள்தான் நிறைந்தன. அவளுக்கு வரவில்லை.