தண்ணீர் பார்க்க ஓர் ஆள்

உமாபதி ஷார்ஜாவில் படகு பழுது பார்க்கும் யார்டில் பதினான்கு வருஷமாக மெக்கானிக். குளிர் நாடுகளில் பனி வந்தால் படகைக் கட்டிப்போடுவார்களாம். இங்கே நேர்மாறு. மே மாத வெயிலில் படகுகள் கரையேறும். அக்டோபரில் காற்று கொஞ்சம் இதமானதும் முதலாளிகளுக்கு மீன்பிடி ஆசை வந்துவிடும்.

கரையேறிய படகில் இம்பெல்லரைக் கழற்றி வைப்பது வழக்கம். கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் பம்புக்குள் சுற்றுகிற, உள்ளங்கை அகல ரப்பர் சக்கரம் அது. மாதக்கணக்கில் ஒரே வாக்கில் மடங்கிக் கிடந்தால் அதன் ரெக்கைகள் பிறகு நிமிராது.

இந்த மே மாதம் ஒரு படகில் அதைக் கழற்றியது உமாபதியும் முகம்மது ரிபாயும். பதினொரு வருஷம் ஒரே யார்டு, முவைலாவில் ஒரே ரூம். ஜூலையில் ரிபாய் விசாவை முடித்துக்கொண்டு கீழக்கரைக்குப் போய் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்துவிட்டான். முதலில் தினமும் பேசினான், பிறகு வெள்ளிக்கிழமைகளில், இப்போது காலையில் ஒரு பூப்படம் மட்டும் வருகிறது. அவன் கட்டிலுக்கு வந்த ஆளுக்கு நைட் டூட்டி. சூப்பர்வைசர் உஸைரிடம் “அச்சா பாய்” என்று சொல்வதைத் தவிர உமாபதி வாயே திறக்காத நாட்கள் உண்டு.

அக்டோபரில் ஒரு நாள் உஸைர், நாளைக் காலை ஓனர் வருகிறார், மாலைக்குள் அந்தப் படகு ரெடியாகட்டும் என்று சொல்லிவிட்டு மற்றவர்களை ஏற்றிக்கொண்டு அஜ்மான் போய்விட்டார்.

இம்பெல்லர் இருந்த பிளாஸ்டிக் பையின் மேல் ரிபாயின் கையெழுத்து: ‘மே 14. ரெக்கை நல்லாருக்கு.’ உமாபதி சோப்புத் தண்ணீர் தடவி, சுற்றும் பக்கமாகவே திருகித் திருகி அதை உள்ளே தள்ளினான். கசியாமலிருக்கப் புது கேஸ்கட் வைத்து, மூடியின் ஆறு ஸ்க்ரூவையும் முடுக்கினான். பம்பின் ஹோஸைத் தண்ணீர் டிரம்முக்குள் விட்டான்.

இனிமேல் இரண்டு ஆள் வேலை. ஒருவன் மேலே சாவியைத் திருப்ப, இன்னொருவன் கீழே பின்பக்கக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அரை நிமிஷத்தில் வராவிட்டால் அணைத்தாக வேண்டும், ரப்பர் கருகிவிடும். உமாபதி சாவியைத் திருப்பிவிட்டு ஏணியில் இறங்கி ஓடினான். பயத்தில் சரியாகப் பார்க்காமலே ஏறி வந்து அணைத்தான். மறுபடி திருப்பிவிட்டு ஓடியபோது முட்டி ஏணியில் இடித்தது; நொண்டியபடி ஏறி அணைத்தான். யார்டு முழுக்க யாரும் இல்லை. வலி அடங்கும்வரை உட்கார்ந்திருந்தவன், போனை எடுத்து ரிபாய்க்கு வீடியோ கால் போட்டான்.

“என்னண்ணே, டூட்டி நேரத்துல?”

“தண்ணி வருதான்னு செத்த பாத்துச் சொல்லு ரிபாய்.”

“காட்டுங்கண்ணே,” என்றான் ரிபாய். உமாபதி காதில் ப்ளூடூத்தை மாட்டி, போனைக் குழாய்க்கு நேரே ஒரு பெயிண்ட் டப்பா மேல் சாய்த்துவிட்டு மேலேறிச் சாவியைத் திருப்பினான்.

“வரலண்ணே. அணைச்சுருங்க. ஹோஸ் முங்கியிருக்கா பாருங்க.”

ஹோஸ் மிதந்துகொண்டிருந்தது. அதில் ஒரு ஸ்பானரைக் கட்டி அமிழ்த்திவிட்டு மறுபடி திருப்பினான்.

“இன்னும் இல்ல... ஆங், வருதுண்ணே. நல்லா வருது.”

பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டான். அங்கே கடைக்கு வந்த யாரையோ ரிபாய் காத்திருக்கச் சொன்னது காதில் விழுந்தது. அணைத்ததும் யார்டு அமைதியானது.

“ரூம்ல பேச ஆளில்ல ரிபாய்,” என்றான் உமாபதி.

“தெரியும்ணே. வெள்ளிக்கிழமை கூப்புடுறேன்.”

கூப்பிடவும் செய்தான், ஒரு மணி நேரம் பேசினான். அடுத்த வெள்ளி அழைப்பு வரவில்லை. உமாபதியே இரண்டு முறை அடித்துப் பார்த்தான்; எடுக்கவில்லை. கடையில் கூட்டமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒருவனுக்கு அளவான அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தான்.