தம்பி செய்யாத பொருத்தனை

தம்பியின் இந்த நினைவு மலருக்கு மற்றவர்கள் எழுதித் தந்ததையெல்லாம் தம்பி மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். மகளின் உயிருக்காகத் தன் கிட்டாரையே கர்த்தருக்குத் தருவதாகப் பொருத்தனை செய்தவர் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மை இல்லை. அச்சாகுமுன் அவன் அக்கா நான் சொல்லியாக வேண்டும்.

தம்பி பிறந்தது பாளையங்கோட்டையில். அப்பா இறந்தபோது அவனுக்கு நான்கு வயது. பீடி சுற்றித்தான் அவனை வளர்த்தேன். பேட்டையில் லேத் பட்டறைக்கு வேலைக்குப் போன இரண்டாம் வருஷம், இடது கைச் சுண்டுவிரலில் பாதியை மெஷின் கொண்டுபோய்விட்டது. கடைக் கிட்டார் எதுவும் அந்தக் கைக்கு ஒத்துவரவில்லை. ஆலயத்து ஆர்மோனியத்தைப் பழுதுபார்க்கும் ஆசாரி ஒருவர், அவன் விரல்களை நூல் பிடித்து அளந்து, பலா மரத்தில், கழுத்தை ஒல்லியாக இழைத்து ஒன்று செய்து கொடுத்தார். அப்படி இன்னொன்று கிடையாது. ஞாயிறு ஆராதனையில் தம்பி அதை வாசித்தால் நான் நிமிர்ந்துதான் உட்காருவேன்.

அவன் மகளுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. இன்றைய பொழுது தாண்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி மருந்து வாங்க ஓடியிருந்தான். நான் வார்டு வாசலில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, பிள்ளையைத் தாரும், தம்பி கிட்டாரை உமக்குத் தாரேன்" என்று பொருத்தனை செய்துவிட்டேன். என் பொருளா அது? பிள்ளை பிழைத்தாள். அவனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. காணிக்கைப் பொருள்களை ஆலயத்தில் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் சொன்னேன்.

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டியாக்கா?"

"கேக்கலலே."

"ஒன் கம்மலக் குடுத்திருக்கலாம்லா?"

என் கை காதுக் கம்மலுக்குத்தான் போனது.

பண்டிகையன்று அவனே அதைத் துடைத்துக் கொண்டுவந்து காணிக்கை மேசையில் வைத்தான். "சேவலுக்கு ஏறுன வெல கிட்டாருக்கு ஏறலியே, வே!" என்று ஏலம் விட்டவர் எல்லோரையும் சிரிக்கவைத்தார். பாடகர் குழுக்காரர்கள் பைய அவன் பக்கம் வந்து, "நாங்க எடுத்து ஒனக்கே தாரோம்லே" என்றார்கள். எனக்குப் போன உயிர் வந்தது.

"குடுத்தாச்சு. என் பக்கம் கொண்டு வராதிய."

அவ்வளவுதான். அவர்கள் ஏலம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். வெளியூர் அண்ணாச்சி ஒருவர், வாசிக்கத் தெரியாதவர், அபூர்வப் பொருள் என்று எடுத்துக்கொண்டு போனார். தம்பி அதன்பின் வேறு கிட்டாரைத் தொடவில்லை. பொருத்தனை அவனுடையது என்று நினைத்து ஊரே அவன் விசுவாசத்தைப் புகழ்ந்தது. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அவன் கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டேன்.

"இன்னும் கோவமாலே?"

"ஆமா. இருக்கத்தான் செய்யுது. அதுக்காவ கஞ்சியக் கீழ வச்சிராத."

அவன் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவனுக்கு முறை வைத்துக் காவலிருந்த பாடகர் குழுப் பிள்ளைகளுக்கும், சலிக்காமல் பார்த்த நர்சம்மாவுக்கும், பட்டறைத் தோழர்களுக்கும், ஜெபித்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பி மன்னித்துவிட்டான் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். அந்தக் கோபத்தோடேயே இத்தனை வருஷமும், ஒரு ஞாயிறு தவறாமல் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனான். புகழ்வதானால் அதற்காகப் புகழுங்கள்.