மூடியைத் திறந்தால் சரியும் கோடு

அழகர்கோவிலில் என் கடைசித் தங்கையின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். பிள்ளை என் மடியில் இருந்தாள். என் நினைப்பு கல்லூரி ஆய்வகத்தில் கிடந்தது.

மின்னியல் பேராசிரியர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே எனக்குக் குறைக்கடத்திகளோடுதான் காலம் போகிறது. கண்ணாடித் துண்டின்மேல் துத்தநாக ஆக்சைடை மெல்லிய படலமாகப் படியவைத்து, அமோனியா வாயுவை மோப்பம் பிடிக்கும் சென்சார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். என் ஆராய்ச்சி மாணவி, அவனியாபுரத்துப் பெண், வருடக்கணக்கில் அதற்கே உழைத்தாள். போன வாரம்தான் பலன் தெரிந்தது. பெட்டியின் மூடியைத் திறந்து அமோனியாவில் நனைத்த பஞ்சை வைத்ததும், கணினித் திரையில் மின்தடைக் கோடு சட்டென்று சரிந்தது. அவள் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாள். கட்டுரையும் எழுதியாகிவிட்டது. மறுநாள் அனுப்ப வேண்டும்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாயு பரவிப் படலத்தைத் தொடவே கொஞ்ச நேரம் ஆகுமே, கோடு ஏன் அவ்வளவு வேகமாகச் சரிகிறது?

ஆசாரி நெருங்கி உட்கார்ந்தார். வெளிச்சம் வேண்டுமென்று யாரோ பந்தல் துணியை விலக்க, வெயில் முகத்தில் விழுந்து பிள்ளை கண்ணைச் சுருக்கினாள். எனக்கு ஆய்வகத்து ஜன்னல் ஞாபகம் வந்தது. கை தானாகப் போனுக்குப் போனது.

"அண்ணே, பிள்ளையப் பிடிண்ணே" என்றாள் தங்கை.

பிடித்தேன். இரண்டு காதும் குத்தி முடித்ததும் அழுகிற பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, பந்திக்குக் கூப்பிட்டவர்களிடம் தலையாட்டியபடி மரத்தடிக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலும் மாணவி ஆய்வகத்தில்தான் இருந்தாள். பஞ்சு வைக்காமல் மூடியை மட்டும் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"சரியுது சார்" என்றாள்.

"ஜன்னல்ல வெயில் வராம திரையை இழுத்து விட்டுட்டுத் திறம்மா."

திரை வளையங்கள் உரசுவதும் மூடி திறப்பதும் போனில் கேட்டன. "அசையவே இல்ல சார்."

துத்தநாக ஆக்சைடுக்கு வெளிச்சம் பட்டாலும் மின்தடை குறையும்; மூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே விழுந்த வெயிலைத்தான் சென்சார் உணர்ந்திருக்கிறது.

பந்தியில் கறி ஆறிப்போயிருந்தது. தங்கை முகம் கொடுக்கவில்லை. சாயங்காலமே ஆய்வகத்துக்குப் போனேன். மாணவி அழுது கழுவிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்ததால், வீட்டில் கல்யாணப் பேச்சைத் தொடங்கிவிட்டார்களாம்.

"இன்னும் எம்புட்டு நாள் சார்?"

தெரியவில்லை என்றேன்.

கட்டுரையை அனுப்பவில்லை. இருட்டுப் பெட்டிக்குள் வைத்து இப்போது முதலிலிருந்து அளக்கிறோம். அமோனியாவுக்கும் கோடு சரியத்தான் செய்கிறது. ஆனால் மெதுவாக, கொஞ்சமாக. இது போதுமா என்று அவள் தினமும் கேட்கிறாள். நான் எழுந்துபோய்க் கம்பி இணைப்புகளை இன்னொரு தரம் தொட்டுப் பார்க்கிறேன்.