ஆள்காட்டி முட்டையும் மஞ்சள் தடவிய செங்கல்லும்

எங்கள் தெருக்காரர்களைப் போன்ற முரட்டு ஜென்மங்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அப்படியும், திருமுல்லைவாயிலில் நான்கு வீட்டுக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போக ஆரம்பித்தவள் நான்தான். இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். அதற்குப் பிள்ளைகளைவிட அப்பாக்கள்தான் அடித்துக்கொள்வார்கள். நாமக்கோழி எது, முக்குளிப்பான் எது என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். பாதிப் பேர் இட்லிப் பொட்டலத்தை எப்போது பிரிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஆடியில் ஏரி வரை போகவே தேவையில்லாமல் போனது. தெருமுனைக் காலி மனையில், யாரோ கொட்டிவிட்டுப் போன ஜல்லிக்கு நடுவே ஆள்காட்டி ஒன்று நான்கு முட்டை இட்டிருந்தது. கண்டுபிடித்தவள் என் மகள். முட்டையும் கல்லும் ஒரே நிறம். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கிட்டே போனால் பறவை தலைக்கு மேல் பறந்து ஊரைக் கூட்டிவிடும். தினமும் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது, குஞ்சு பொரிக்க இன்னும் இத்தனை நாள் என்று மகள் கணக்குச் சொல்வாள். பொரித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டவேண்டும், அதுவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஆனால் எதிர்வீட்டுக்காரனிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. கம்பெனி வேன் ஓட்டுகிறவன்; எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம். வேனை அந்த மனையில்தான் நிறுத்துவான்.

"ஏம்மா, குருவிக்கோசரம் வேன தலமேல தூக்கி வச்சிக்கவா? முட்ட எங்க கீது? வெறுங் கல்லுதான் கீது. ஊட்ல வேல இல்லியா உனுக்கு?"

"கண்ணத் தொறந்து பாருய்யா. உன் சக்கரத்துக்கு அந்தாண்டதான் இருக்கு."

அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆளுக்கு உயிரைச் சொன்னால் புரியாது, சாமியைச் சொன்னால்தான் புரியும் என்று முடிவுகட்டினேன். மறுநாள் காலை, முட்டைக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு செங்கல்லை நட்டு, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, வேப்பிலைக் கொத்தைச் செருகினேன். கேட்டவர்களிடமெல்லாம், அம்மன் கனவில் வந்து அந்த இடத்தைக் கேட்டாள் என்று கூசாமல் சொன்னேன். அன்றைக்கே வேன் தெருவோரத்துக்குப் போய்விட்டது.

"செம மூளைம்மா உனக்கு" என்று மகள் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு எதிர்வீட்டுக்காரனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டுத்தான் போவேன். அவ்வளவு திமிர் எனக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்தேன். தெருமுனையில் ஒரே கூட்டம், கற்பூர வாசனை. மனையை வழித்துப் பெருக்கி, சாணம் தெளித்து, என் செங்கல்லைச் சுற்றிப் பெரிய கோலம் போட்டிருந்தார்கள். ஜல்லி மொத்தமும் ஓரத்தில் குவிந்து கிடந்தது. பக்கத்தில் கூழ் அண்டா. மஞ்சள் வேட்டி கட்டியிருந்த எதிர்வீட்டுக்காரன் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அன்னிக்கு மரியாத இல்லாம பேசிட்டேன், மன்சுல வச்சிக்காதம்மா. உன் கனவுல வந்த ஆத்தாளுக்கு இது எங்க ஊட்டுக் கூழு. ஜல்லிய நானே வாரித் தள்ளிட்டேன். வர்றவங்க கால்ல குத்தக் கூடாதுல்ல?"

அடப்பாவி, நாசமாப் போறவனே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதைச் சொல்லித் திட்டுவது? திட்டினால் கனவு பொய் என்று அத்தனை பேர் நடுவில் ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகள் பள்ளிச் சீருடையோடு அந்த ஜல்லிக் குவியலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். உடைந்த ஓட்டுக்குள் இருந்ததற்குக் கால்கூட முளைத்திருந்தது.

"சொல்லும்மா" என்றாள் மெதுவாக. "கல்ல நீதான் வச்சேன்னு சொல்லு."

எதிர்வீட்டுக்காரன் சொம்பை நீட்டினான். நான் வாங்கிக் குடித்தேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மனைக்கு மேலே இரண்டு ஆள்காட்டிகளும் சுற்றிச் சுற்றிக் கத்தின. அவன் அண்ணாந்து பார்த்து, "இன்னாத்துக்கு இதுங்க இப்டி கத்துதுங்க?" என்றான்.

மகள் என்னைப் பார்த்தபடியே, "எங்கம்மாவத் திட்டுதுங்க" என்றாள்.

அவன் சிரித்துவிட்டு, என் சொம்பில் இன்னும் கொஞ்சம் கூழ் ஊற்றினான்.